மேடையில் நீ சொன்ன பதில்

பாப்பா,

சனிக்கிழமை துபாய்க்கு வேலைக்குப் போகிற உன்னை வழியனுப்ப நான் விமான நிலையத்துக்கு வர வேண்டாம் என்று சொன்னாயாம். உன் நைனா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "அவ போறதுக்கு நான் மட்டும் வந்தா போதுமாம். நீ வர வாணாமாம்." எட்டு மாதமாக உனக்கும் எனக்கும் நடுவில் தூது போய் அந்த மனுஷனுக்கு அலுத்துவிட்டது. வலை இழுப்பதே இதைவிடச் சுலபம் என்று நினைக்கிறாரோ என்னவோ. எனக்கும் ரோஷம் வந்து, "வாணான்னா வுடு, எனக்கின்னா, மார்க்கெட்ல வேலை கீது" என்று சொல்லிவிட்டேன். சொல்லிவிட்டு உள்ளே போய் அரிசி களைந்தேன். களைந்த அரிசியையே மறுபடி மறுபடி களைந்துகொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

நேரில் பேசினால் இரண்டாவது வாக்கியத்திலேயே நமக்குள் சண்டை வந்துவிடும். போனில் என்றால் நீ வைத்துவிடுவாய், இல்லாவிட்டால் நான் வைத்துவிடுவேன். எழுத்தில் அந்தத் தொல்லை இல்லை. பத்தாவது வரை படித்தவள்தானே நானும். பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்த மாதிரி எழுதினால் எனக்கே கொஞ்சம் நிதானம் வருகிறது. வாயில் வருகிற வார்த்தையெல்லாம் பேனாவில் வருவதில்லை. பொறுமையாகப் படி. இதில் உன்னைத் திட்டுகிற இடம் ஒன்றுகூட இல்லை. அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் அது பழக்க தோஷம், தாண்டிப் போய்விடு.

என் சந்தேக புத்தி உனக்குப் புதிதல்ல. பால் பாக்கெட்டை நாலு பக்கமும் அமுக்கிப் பார்க்காமல் வாங்கியதில்லை. கரண்ட் கணக்கெடுக்க வருகிறவரிடம் அடையாள அட்டை கேட்டேன், அவர் நம் தெருவுக்குப் பதினோரு வருஷமாக வருகிறவர். நீ எட்டாவது படிக்கும்போது முதல் ரேங்க் வாங்கி வந்தாய். சந்தோஷப்படாமல், டீச்சர் கூட்டலில் தப்புப் பண்ணியிருப்பாரோ என்று உட்கார்ந்து கூட்டிப் பார்த்தேன். தொழில் அப்படி. காசிமேட்டில் மீனின் கண்ணை மட்டும் பார்த்து வாங்குகிறவள் பிழைக்க முடியாது. செவுளைத் தூக்கிப் பார்க்க வேண்டும், வயிற்றை அழுத்திப் பார்க்க வேண்டும், ஐஸில் எத்தனை நாள் கிடந்தது என்று மோந்து பார்க்க வேண்டும். சிவப்பாக இருக்கிற செவுளிலும் பூசின சிவப்பு உண்டு. இருபத்திரண்டு வருஷம் அப்படியே பார்த்துப் பார்த்து, மனுஷர்களையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

எம்.சி. ரோட்டுத் துணிக்கடையில் நீ பில் போட்டுக்கொண்டிருந்த நாளில், கடை விளம்பரத்துக்குப் புடவை கட்டி நிற்கச் சொன்னார்கள். அந்தப் படத்தை யாரோ பார்த்துவிட்டு அழகிப் போட்டிக்கு எழுதிப் போடச் சொன்னார்கள் என்று நீ ஒரு நாள் விண்ணப்பத்தோடு வந்தாய். உன் நைனா உடனே சரி என்றார். அவர் நடுக்கடலில் மோட்டார் நின்றாலும் சரியாகிவிடும் என்று பீடி பற்றவைக்கிற ஆள். நான் அந்தத் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். உயரம் கேட்டிருந்தான், எடை கேட்டிருந்தான், மார்பளவு இடுப்பளவு கேட்டிருந்தான். அப்பன் என்ன தொழில் என்று கேட்டிருந்தான். என்ன படித்தாய் என்பது கடைசியில், ஒரே ஒரு வரி. "இதுல இன்னாமோ கீதுடி" என்றேன். "எல்லாத்துலயும் உனுக்கு இன்னாமோ கீது" என்று நீ சொன்னாய்.

அண்ணா நகரில் நடை சொல்லிக்கொடுக்கிற வகுப்புக்கு நீ போக ஆரம்பித்தாயே, முதல் நாள் உன் பின்னாலேயே வந்தேன். அதே பஸ்ஸில், கடைசி சீட்டில், முந்தானையைத் தலைக்குப் போட்டுக்கொண்டு. எதிர்க் கடையில் கரும்புச் சாறு குடித்தபடி ஒரு மணி நேரம் அந்த மாடியையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே போகிற ஆம்பளைகளை எண்ணினேன். ஒருத்தன்கூடப் போகவில்லை, அதுவே எனக்குச் சந்தேகமாக இருந்தது. மாடியேறிக் கதவைத் தள்ளினால், எட்டுப் பெண்கள் தலையில் புத்தகம் வைத்துக்கொண்டு நடக்கிறீர்கள். முழங்காலில் பட்டை கட்டின ஒரு அம்மா நாற்காலியில் உட்கார்ந்து கை தட்டுகிறார். யார் நீங்கள் என்று கேட்டார். எனக்கு வாயில் வந்தது, "கொசு மருந்து அடிக்க வந்தேன்" என்பதுதான். நீ என்னைப் பார்த்தாய், தலையில் இருந்த புத்தகம் விழவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "மருந்து எங்கம்மா, வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்று கேட்டாய். அன்றைக்கு இரண்டு பேரும் தங்கசாலை தாண்டும்வரை சிரித்தோம்.

மாநிலப் போட்டியில் நீ ஜெயித்ததும் உன் நைனா பச்சைக் குழந்தை மாதிரி அழுதார். நான் மற்றப் பெண்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். யார் ஜெயிப்பார் என்று முன்னாலேயே தெரிந்த முகமா, தெரியாத முகமா என்று. "தமிழ்நாடு" என்று இங்கிலீஷில் எழுதின பட்டையை உன் தோளில் போட்டபோதும், உன் கழுத்துக்கும் முகத்துக்கும் நிறம் வேறு வேறாக இருந்ததுதான் என் கண்ணில் பட்டது. மாவு அப்பின மாதிரி அப்பியிருந்தார்கள். கறுப்புப் பெண்ணைத்தானே தேர்ந்தெடுத்தீர்கள், பிறகு எதற்கு வெள்ளை அடிக்கிறீர்கள் என்று அந்த மேக்கப் பெண்ணிடம் நான் கேட்டது தப்பே இல்லை. அதை மட்டும் இன்றைக்கும் கேட்பேன்.

அடுத்து அகில இந்தியப் போட்டி. ஒவ்வொரு மாநிலத்துப் பெண்ணுக்கும் அவள் வீடு, அப்பா அம்மா, ஊர் என்று ஒரு நிமிஷப் படம் போடுவார்களாம், அதை எடுக்க நம் வீட்டுக்கு வந்தார்கள். வந்ததும் மணல் எங்கே என்று கேட்டார்கள். திருவொற்றியூர்க் கரையில் கல்லைத் தவிர என்ன இருக்கிறது? பாறாங்கல்லைப் பார்த்து அவர்களுக்கு முகம் தொங்கிப்போயிற்று. உன்னை மூங்கில் கூடையைத் தலையில் வைத்து நடக்கச் சொன்னார்கள். நான் மீன் வைத்திருப்பது அலுமினிய அன்னக்கூடையில், ஐஸ் போடுவது நீல நிற பிளாஸ்டிக் டப்பில். அவர்களே புதுக் கூடை கொண்டுவந்திருந்தார்கள், கடை உறைகூடப் பிரிக்காமல். உள்ளே மீன் வேண்டாம், வாசனை வரும் என்றார்கள். மீன் இல்லாத மீன் கூடையோடு உன்னை வேனில் ஏற்றிக்கொண்டு மணல் இருக்கிற கடற்கரைக்குப் போய்விட்டார்கள். கேமராவோடு ஒரு தம்பி மட்டும் என்னோடு மார்க்கெட்டுக்கு வந்தான். கோயம்புத்தூர்ப் பக்கத்துத் தம்பி, மரியாதையாகத்தான் பேசினான். நான் மார்க்கெட்டில் பலகை மேல் உட்கார்ந்து வஞ்சிரம் நறுக்கிக்கொண்டிருந்தேன். உங்கள் பெண்ணைப் பற்றிச் சொல்லுங்கள் என்றான்.

காசிமேட்டு ஏலத்தில் ஒரு வழக்கம் உண்டு, உனக்குத் தெரியும். எந்த மீன் வேண்டுமோ அதை ஆசையாகப் பார்க்கக் கூடாது. பக்கத்துக் குவியலைக் கிளற வேண்டும். வேண்டிய குவியலுக்குக் கடைசியாக வந்து மூக்கைச் சுளித்து, "இன்னாய்யா இது, கண்ணு உள்ள போய்கீது, இத்த யாரு துண்ணுவா" என்று நாலு பேர் காதில் விழச் சொல்ல வேண்டும். அப்போதுதான் மற்றவர்கள் விலகுவார்கள், நாம் கேட்கிற விலைக்குப் படியும். நன்றாக இருக்கிறது என்று வாய் தவறிச் சொல்லிவிட்டால் போயிற்று, வேறொருத்தி தூக்கிக்கொண்டு போய்விடுவாள். உன் ஒன்பது வயதில் பள்ளிக்கூடம் லீவு என்று உன்னை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போனேன். பெரிய வஞ்சிரம் ஒன்று வந்திருந்தது, நான் அதைக் கண்டுகொள்ளாத மாதிரி நின்றிருந்தேன். நீ கையைத் தட்டி, "ம்மா, இதான் சூப்பரா கீது, இத்தயே வாங்கும்மா" என்று கத்தினாய். கூட்டமே சிரித்தது. மீன் வேறொருத்திக்குப் போயிற்று. பஸ் ஸ்டாப் வரைக்கும் உன் கையைக் கிள்ளிக்கொண்டே வந்தேன். கன்றிப்போன இடத்தை நைனாவிடம் காட்டி அழுதாய்.

அந்த வழக்கத்தை நான் மார்க்கெட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. தெருவில் யாராவது உன் பெண் லட்சணமாக வளர்ந்திருக்கிறாள் என்றால், "இன்னா லட்சணம், கொக்காட்டம் காலு, அவங்கப்பன் மூக்கு" என்பேன். கண் பட்டுவிடும் என்ற பயம் பாதி. நமக்கு வேண்டியதை வேண்டும் என்று வெளியே காட்டினால் பறிகொடுத்துவிடுவோம் என்ற பயம் பாதி. இருபத்து நாலு வயசு வரைக்கும் உன்னைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை நான் யாரிடமும் சொன்னதில்லை, உன்னிடமும் சொன்னதில்லை. நீ அதை எப்படி எடுத்துக்கொண்டாய் என்று கேட்டதும் இல்லை.

அந்தத் தம்பி கேட்டதும் எனக்குள் அந்தக் காசிமேட்டுக்காரிதான் விழித்துக்கொண்டாள். இவ்வளவு தூரம் வண்டி கட்டிக்கொண்டு வந்து இவன் எதற்கு என் வாயால் புகழச் சொல்லுகிறான்? நாம் இந்தப் போட்டிக்கு ஏங்கிக் கிடக்கிறோம் என்று தெரிந்தால் உன்னை இளக்காரமாக நடத்துவார்கள் என்று நினைத்தேன். அதனால் விலை குறைக்கிற மாதிரியே பேசினேன். கறுப்பு என்றேன். கொக்குக் கால் என்றேன். இவளைவிட நல்லா இருக்கிற பெண்கள் எங்கள் தெருவிலேயே நாலு பேர் என்றேன். நடக்கிறதைப் பார்த்தால் நண்டு நடக்கிற மாதிரி இருக்கும் என்றும் சொன்னேன்.

போட்டி நடக்கிற ஜெய்ப்பூருக்கு வீட்டுக்கு ஒருவர் வரலாம் என்று சொல்லியிருந்தார்கள். நைனா கடலில் இருந்தார், நான்தான் வந்தேன். அந்த ஹோட்டலில் உங்கள் யாருக்கும் பெயரே இல்லை, நினைவிருக்கிறதா? "பஞ்சாப், சாப்டியா?" "தமிழ்நாடு, உன் சீப்பு எங்க?" என்று ஒருவரையொருவர் மாநிலத்தை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொண்டீர்கள். அம்மாக்களுக்கும் அதே கதிதான். அரங்கில் என் பக்கத்து நாற்காலியில் மேகாலயாவின் அம்மா. அவளுக்கு என் பாஷை தெரியாது, எனக்கு அவள் பாஷை தெரியாது. ஆனாலும் அவள் விரல்களைப் பார்த்ததும் அவளும் சந்தையில் உட்காருகிறவள் என்று தெரிந்துவிட்டது. பையிலிருந்து ஆரஞ்சு எடுத்துக் கொடுத்தாள். நான் அதையும் மோந்து பார்த்துவிட்டுத்தான் சாப்பிட்டேன்.

கடைசிப் பத்துப் பேரில் உன்னைக் கூப்பிட்டார்கள். ஒவ்வொருத்தியும் கேள்விக்கு வந்து நிற்கும்போது பின்னால் பெரிய திரையில் அவள் வீட்டுப் படம் ஓடியது. ஒரு அம்மா மகளுக்கு முத்தம் கொடுத்தாள், ஒரு அப்பா கண்ணைத் துடைத்தார். உன் முறை வந்தது. திரை முழுக்க நான். முன்னால் அரிவாள்மணை, கையில் மீன் தலை. கொக்கு, நண்டு, தெருவில் நாலு பேர் எல்லாம் வந்தது, கீழே இங்கிலீஷில் எழுத்து ஓடியது. ஆயிரம் பேர் சிரித்தார்கள். எனக்கு நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. நடுவர் உன்னிடம் என்னவோ கேட்டார், நீ இங்கிலீஷில் பதில் சொன்னாய். சிரித்துக்கொண்டு ஆரம்பித்தாய், முடிக்கும்போது குரல் கம்மிவிட்டது. கூட்டம் எழுந்து நின்று கை தட்டியது. நடுவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன் சீட்டுக்காரரிடம் அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன். "வெரி எமோஷனல்" என்றார், அதற்கு மேல் அவருக்கும் எனக்கும் பாஷை போதவில்லை. மேகாலயா அம்மா என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அழுதாள். நான் கையை உதறினேன். நீ என்னைப் பற்றி முறையிட்டிருக்கிறாய், அம்மா கொடுமைக்காரி என்று சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறாய், இவள் உனக்காகப் பரிதாபப்படுகிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

இடைவேளையில் வீட்டார் பத்து நிமிஷம் மேடைக்குப் பின்னால் போய்ப் பார்க்கலாம் என்றார்கள். அந்த நடைவழியில் நீ ஓடி வந்தாய். அவ்வளவு உயரச் செருப்போடு நீ ஓடினதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "ம்மா, கேட்டியா?" என்றாய். அதற்கு நான் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், குறைத்து எழுத எனக்கு உரிமை இல்லை. "நீயும் அவங்களும் பேசி வெச்சிகினுதான் இத்த பண்ணீங்களா? அய்யோ பாவம்னு மார்க்கு போடணும்னு பெத்தவள வெச்சி வேடிக்கை காட்றியா?" நீட்டின கை கீழே இறங்கியது. தோள் பட்டையில் விலகியிருந்த ஊக்கைச் சரிபண்ணினாய். "போம்மா" என்று மட்டும் சொன்னாய். அதற்குப் பிறகு என்னிடம் நீ ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி நடைக்கு மேடை ஏறினாய். கால் நடந்தது, முகம் எங்கேயோ இருந்தது. ஐந்து பேரில் உன்னைக் கூப்பிடவில்லை. ரயிலில் இரண்டு நாள் எதிரெதிரே உட்கார்ந்து வந்தோம். சென்னை வந்து ஒரே வாரத்தில் நீ வேளச்சேரி ஹாஸ்டலுக்குப் போய்விட்டாய்.

நான் சும்மா இருந்தேனா? தெரு முழுக்கச் சொன்னேன். நான் எவ்வளவோ நல்லதாகச் சொன்னேன், எல்லாவற்றையும் வெட்டிவிட்டுக் கெட்டதை மட்டும் போட்டுவிட்டார்கள் என்றேன். போட்டியே முன்னாலேயே பேசி முடித்தது, வடக்கத்திப் பெண்ணுக்குத்தான் கொடுப்பார்கள் என்றேன். நைனா, "அவ இன்னா சொன்னான்னு கேளு" என்று ஆரம்பிக்கும் போதெல்லாம் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுவேன். தெருவில் சுற்றிய வீடியோவிலும் நான் பேசினது மட்டும்தான் இருந்தது, உன் பதில் இல்லை. எனக்கும் அது வசதியாகப் போயிற்று.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். அவர்கள் ஒன்றையும் வெட்டவில்லை, பாப்பா. வெட்டுவதற்கு நான் ஒரு நல்ல வார்த்தையும் சொல்லவில்லை. அந்தக் கோயம்புத்தூர்த் தம்பி கேமராவைக் கீழே இறக்கிவிட்டு, "ஏனுங்கம்மா, நல்லதா ஒரு வார்த்தை சொல்லுங்க, பொண்ணு பார்த்தா சந்தோஷப்படுமில்லைங்க" என்றான். மீன் நறுக்கினேன். மறுபடி கேட்டான். தண்ணீர் தெளித்தேன். மூன்றாவது தடவை கெஞ்சுகிற மாதிரி கேட்டான். "அவ்ளோதாம்பா, வெயிலு ஏறுது, கிளம்பு" என்றேன். அவர்கள் யோக்கியர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சிரிப்பு மூட்டத்தான் அதை அப்படிப் போட்டார்கள், வெறுங்கூடையைத் தூக்கிக்கொண்டு வந்தவர்கள்தானே. ஆனால் அவர்களுக்கு நான் கொடுத்தது அது ஒன்றுதான்.

போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டு அமுதாவிடம் போனேன். அவள் இங்கிலீஷ் டீச்சர் என்பதால், நீ வேலைக்குப் போகிற துபாய் ஹோட்டல் நிஜமாகவே இருக்கிறதா, பொய்க் கம்பெனியா என்று போனில் தேடிப் பார்க்கச் சொன்னேன். இருந்தது, பெரிய கட்டிடம்தான். ஆனாலும் வரவேற்பில் நிற்கிற பெண்கள் படத்தைக் காட்டு, அவர்கள் முகம் சிரிக்கிறதா என்று பார்க்கணும் என்றேன். அமுதா என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "அக்கா, ஊரு உலகத்த நோண்டிக்கினே கீறியே, உன் பொண்ணு பேசினத ஒரு வாட்டி கேட்டியா?" என்று சொல்லி, போட்டியின் முழு வீடியோவைப் போட்டாள். நான் எழுந்தேன். தோளைப் பிடித்து உட்காரவைத்தாள். உன் பதிலை ஒவ்வொரு வரியாக நிறுத்தித் தமிழில் சொன்னாள்.

"என் அம்மா மீன் ஏலத்தில் வாங்குகிறவர். தனக்கு வேண்டியதை அவர் புகழவே மாட்டார். புகழ்ந்தால் வேறு யாராவது கொண்டுபோய்விடுவார்கள் என்று பயம். இப்போது என்னைப் பற்றி அவர் இவ்வளவு மோசமாகப் பேசினதைக் கேட்டீர்கள் அல்லவா? அவ்வளவுக்கு நான் அவருக்கு வேண்டும். அவர் இந்த அரங்கில்தான் இருக்கிறார். நான் யாரோடும் போய்விட மாட்டேன் என்று அவரிடம் சொல்ல வேண்டும்."

அதைச் சொல்லிவிட்டுத்தான் நீ ஓடி வந்திருக்கிறாய். கேட்டியா என்றது அதைத்தான். அமுதா வீட்டில் நான் வாய்விட்டு அழுதேன். மேகாலயா அம்மாவின் கையை உதறினது வேறு ஞாபகம் வந்தது. மேகாலயாவில் அவள் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது.

உனக்கு நான் புத்தி சொல்லாமல் கடிதத்தை முடிக்க முடியாது, பெற்றவள் ஆயிற்றே. துபாயில் பாஸ்போர்ட்டை யார் கேட்டாலும் கையைவிட்டுக் கொடுக்காதே, முதலாளியே கேட்டாலும் காரணம் கேள். படிக்காத தாளில் கையெழுத்துப் போடாதே. தங்குகிற அறையில் முதலில் கதவின் தாழ்ப்பாளை இழுத்துப் பார். காரணமில்லாமல் அதிகமாகப் புகழ்கிறவனை இரண்டு முறை பார். இதையெல்லாம் வாபஸ் வாங்கச் சொன்னாலும் வாங்க மாட்டேன், சந்தேகம் என்னைக் காப்பாற்றியும் இருக்கிறது. ஆனால் உன்னை நேசிக்கிறவர்கள் மேல் சந்தேகம் வந்தால், கேட்டுவிட்டு அவர்கள் பதில் சொல்லி முடிக்கிறவரை பொறு. பதில் புரியவில்லை என்றால் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேள். நான் அதைச் செய்யவில்லை. பாஷை தெரியாததால் வந்த தப்பு இல்லை இது. உன்னிடமே தமிழில் கேட்டிருக்கலாம், நீ என் முன்னால்தான் நின்றாய்.

அந்த ஐந்து பேரில் நீ வராமல் போனதற்கு நடுவர்களைத் திட்டித் திட்டி எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. அந்த இடத்தை உன்னிடமிருந்து பறித்தவள் நான். உனக்குத் தெரியும், நீ நைனாவிடம்கூட அதைச் சொல்லவில்லை. ஜெய்ப்பூர் நடைவழியில் நான் கேட்ட கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை, சொல்லவும் வேண்டாம். நானே சொல்லிவிடுகிறேன். நீ அப்படிச் செய்யவில்லை. செய்கிறவளும் இல்லை. கேட்டது என் தப்பு, என்னை மன்னித்துவிடு.

சனிக்கிழமை நான் வருவேன். நீ வேண்டாம் என்று சொன்னாலும் வருவேன், நைனாவை விட்டுத் தடுத்தாலும் வருவேன். உள்ளே போகிற வாசலில், பெட்டியும் படுக்கையுமாக நாலு பேர் நிற்கிற இடத்தில், எல்லாரையும் பார்த்துச் சொல்லப்போகிறேன்: "இவ எம் பொண்ணு. எவ்ளோ அழகா கீறா பாருங்கோ." உனக்கு வெட்கமாக இருந்தால் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள். நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் மட்டும் போகாமல் நில்.

உன் அம்மா